செங்குன்றம் ஏரியும் 2042-ம்

சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் எம்டன் கப்பலுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்தது, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்தியது, நூற்றுச் சொச்சம் குண்டு போட்டது, அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டது. அதற்குக் கல்வெட்டும் கிடைத்தது, தமிழில் ஒரு வார்த்தையும் கிடைத்தது. "அவன் சரியான எம்டன்லா" என்று எங்கள் களக்காட்டில்கூடச் சொல்வார்கள். கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் சொல்வார்கள்.

அதே சென்னைக்கு வடமேற்கே செங்குன்றம் ஏரி. ரெட்ஹில்ஸ் ஏரி, புழல் ஏரி எல்லாம் ஒன்றுதான். 1942 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன் கேட்டலினா பறக்கும் படகுகளோடு இங்கே வந்து இறங்கியது. 1946 தொடக்கத்தில்தான் இலங்கை கொக்கலைக்குப் போனது. மூன்றரை வருடம், சென்னை குடிக்கிற தண்ணீரின் மேல் ஒரு போர்த்தளம் நடந்தது. எம்டனின் அரைமணி நேரத்துக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த மூன்றரை வருடத்துக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் குறிப்பின் பிராது.

கயத்தாறு ஓடுதளம் பற்றி எழுதும்போது போர்க்கால விமானத்தளங்களைக் கொஞ்சம் பார்த்தோம். சோழவரம், செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, கயத்தாறு என்று ஓடுதளங்களைப் பற்றியாவது அப்பப்ப யாராவது எழுதுகிறார்கள். சோழவரத்துக்கு கார் ரேஸ் புண்ணியத்தில் ஒரு பெயர் உண்டு. ஓடுதளம் என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள், சாட்டிலைட் படத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும். பறக்கும் படகுத் தளத்துக்கு ஓடுதளம் தண்ணீர்தான். விமானம் போனதும் தண்ணீர் மூடிக்கொள்ளும். மிச்சம் இருக்கக்கூடியது கரையில் உள்ள பராமரிப்பு வேலைத்தளம் மட்டும்தான். அதனால் பறக்கும் படகைப் பொறுத்தவரை பட்டறைதான் நினைவுச் சின்னம், வேறு ஒன்றும் கிடையாது.

விமானத்தை ஏன் படகு என்கிறேன் என்று கேட்கலாம். கேட்டலினாவின் அடிவயிறு படகின் அடிப்பாகம்தான். மிதவையைக் காலில் கட்டிய விமானம் இல்லை அது, உடம்பே படகு. நங்கூரம் உண்டு, உள்ளே ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்ப் உண்டு. நிறுத்திவைப்பது கொட்டகையில் இல்லை. ஏரிக்குள் கான்கிரீட் கட்டை இறக்கி, அதில் சங்கிலி போட்டு, மேலே மிதக்கும் போயாவில் கட்டிவைப்பார்கள். பெட்ரோலும் குண்டும் படகில்தான் போகும். விமானப்படைக்குள்ளேயே இதற்கென்று தனிப் படகுப் பிரிவு இருந்தது.

பராமரிப்பு எப்படி நடக்கும் என்று பார்த்தால்தான் இடத்தின் அருமை தெரியும். 104 அடி இறக்கை விரிப்பு. சின்ன வேலைகளைத் தண்ணீரில் மிதக்கும்போதே பார்க்க வேண்டியதுதான். சந்தர்லாந்து என்ற பெரிய பறக்கும் படகில் இறக்கையின் முன்விளிம்பையே மடக்கி இறக்கினால் இஞ்சின் பக்கம் நின்று வேலை பார்க்க ஒரு பலகை கிடைக்கும், அந்த அளவுக்கு யோசித்துச் செய்திருந்தார்கள். அலையில் ஆடிக்கொண்டு, 14 சிலிண்டர் இஞ்சினைப் பிரித்துக்கொண்டு, சித்திரை வெயிலில். ஸ்பேனர் கை நழுவினால் ஏரிக்குள் போனதுதான். பெரிய வேலைக்குக் கரையேற்ற வேண்டும். கேட்டலினாவின் ஆரம்ப வகைகளுக்குச் சொந்தச் சக்கரம் கிடையாது. ஆட்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு பக்கமும் வாலடியிலும் சக்கரங்களை மாட்டுவார்கள். பிறகு வால் முன்னால் வர, டிராக்டர் கட்டி, ஸ்லிப்வே எனப்படும் சரிவுத்தளத்தில் இழுத்து ஏற்றுவார்கள். ஏறிய பிறகு அடிப்பாகத்தில் ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு ரிவெட் தளர்ந்தாலும் தண்ணீர் ஊறும், ஊறிய தண்ணீர் எடை, அந்த எடை பெட்ரோல் கணக்கைத் தின்னும்.

தூத்துக்குடி தோணி கட்டுகிற ஓடாவிகளுக்கு இது புரிந்த விஷயம். பலகை இடுக்கில் பஞ்சும் எண்ணெயும் அடைத்துக் கலப்பத்து பார்ப்பது என்பார்கள். மரத்துக்குக் கலப்பத்து, அலுமினியத்துக்கு ரிவெட்டும் ஸீலண்டும். வேலையின் குணம் ஒன்றுதான், கரையேற்றி அடிப்பாகத்தைப் பார்க்காமல் எந்தப் படகும் ஓடாது. உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் நல்ல தண்ணீர் ஏரி இந்தப் படகுகளுக்கு வரப்பிரசாதம். கடல் பக்கத்திலேயே இருக்கும்போது ஏரியைத் தேடிப் போனதில் அந்த லாபமும் இருந்தது.

அந்தமானை ஜப்பான் பிடித்தது 1942 மார்ச் 23-ல். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு சுமார் 1,370 கிலோமீட்டர். செங்குன்றத்துக் கேட்டலினாக்கள் வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கி தேடின, கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போயின, ரகசியமாக எதிரி பிடித்த கரைகளுக்கு ஆட்களைக் கொண்டு இறக்கின. 1944 மார்ச்சில் இந்த மாதிரி வேலைகளுக்காகவே 628 என்று இன்னொரு ஸ்குவாட்ரன் இதே ஏரியில் உருவானது. ஆளைக் கொண்டுபோய் இறக்கியவர்களைப் பற்றிப் புத்தகம் வரும், படம் வரும். திரும்பி வந்த படகின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தவன் பற்றி ஒரு வரி வராது.

போரை நடத்தியவர்களுக்குப் பட்டறையின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருந்தது. 1942 மார்ச் 28 விடிகாலையில் பிரான்ஸின் சான்-நசேர் துறைமுகத்தில் பிரிட்டிஷார் கேம்பெல்டவுன் என்ற நாசகாரிக் கப்பலையே வெடிமருந்து அடைத்துக் கொண்டுபோய் உலர்துறைக் கதவில் மோதினார்கள். குறி எந்தக் கப்பலும் இல்லை, ஒரு ரிப்பேர் துறை. டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அட்லாண்டிக்கில் அடிபட்டால் ஒதுங்கிச் சரிசெய்ய அந்தக் கரையில் அவ்வளவு பெரிய துறை அது ஒன்றுதான். அதை உடைத்துவிட்டால் டிர்பிட்ஸ் அந்தப் பக்கமே வராது என்று கணக்கு. 600-க்கு மேல் ஆட்களை அனுப்பி, ஐந்து விக்டோரியா கிராஸ் கொடுக்கும் அளவுக்கு ரத்தம் சிந்தி, ஒரு பட்டறையை மூடினார்கள். நம்ம எம்டனும் சென்னையை அடித்துவிட்டுப் போனபின் அக்டோபரில் டியேகோ கார்சியாவில் ஒதுங்கி அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டது. போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்கு அப்போது வந்திருக்கவில்லை. தோட்டத்து மேனேஜருடைய மோட்டார் படகையும் எம்டன் ஆட்கள் ரிப்பேர் செய்து கொடுத்தார்கள் என்பது எனக்கு அந்தக் கதையிலேயே பிடித்த இடம்.

தளபதிகளுக்குத் தெரிந்தது சட்டத்துக்குத் தெரியவில்லை. இந்தியாவின் 1958-ம் வருடத்துத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, புராதனச் சின்னம் என்றால் நூறு வருடத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். தண்ணீருக்கடியில் உள்ள பண்பாட்டு மரபு பற்றிய யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையிலும் அதே நூறு. இலங்கையில் இன்னும் விசேஷம். 1940-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தில் கோடு 1815 மார்ச் 2, கண்டி ராஜ்ஜியம் கைமாறிய நாள். அதற்குப் பிந்தியதென்றால் தனியாக அறிவித்தால்தான் உண்டு.

1942-ல் போட்ட கான்கிரீட் நூறைத் தொடுவது 2042-ல். கோயிலுக்கு இந்தக் கணக்கால் நஷ்டமில்லை. எங்க ஊர் சத்தியவாகீஸ்வரர் கோயில் கல் பல நூறு வருடம் பார்த்தாச்சு, இன்னும் பதினாறு பதினேழு வருடம் சும்மா நிற்கும். அவசரத்தில் போட்ட சரிவுத்தளமும் தகரக் கொட்டகையும் அப்படி நிற்காது. போர்க்காலக் கட்டுமானத்தின் சுபாவமே அது, போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்று கட்டியது. சீக்கிரம் அழியக்கூடியதற்கு நீண்ட காத்திருப்பு, அழியாததற்கு உடனடிப் பாதுகாப்பு என்று சட்டம் தலைகீழாக இருக்கிறது. கல்லாவது பரவாயில்லை, மனிதர்? 1943-ல் பதினெட்டு வயதில் அந்த ஏரியில் இறங்கிச் சக்கரம் மாட்டிய ஒரு பையனுக்கு 2025-ல் நூறு. சட்டம் கண்ணைத் திறக்கும்போது கேட்பதற்கு ஒருத்தர்கூட இருக்க மாட்டார்.

வயதைத் தவிர வேறு அளவுகோல் வைக்கவே முடியாதா? வைத்திருக்கிறார்கள். 1942 மார்ச் 3-ல் ஆஸ்திரேலியாவின் ப்ரூம் துறையில் நின்றிருந்த பறக்கும் படகுகளை ஜப்பான் விமானங்கள் சுட்டுக் கொளுத்தின. கடல் உள்வாங்கும் நேரத்தில் அந்த எச்சங்கள் சேற்றில் இன்றைக்கும் தெரியும், மேற்கு ஆஸ்திரேலிய மரபுப் பட்டியலில் அவற்றுக்கு இடம் உண்டு. நூறு வருடம் ஆகட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸில் ராத்மைன்ஸ் கேட்டலினா தளமும் அப்படித்தான், மாநிலப் பட்டியலில் இருக்கிறது.

எனக்குப் பொறாமை வருவது லேக் போகா மேல். விக்டோரியா மாநிலத்தில் கடலை விட்டு முந்நூறு கிலோமீட்டர் உள்ளே, நம்ம விஜயநாராயணம் குளத்தைப் பெரிதாக்கினாற்போல ஒரு வட்டமான ஏரி. ப்ரூம் அடி வாங்கிய பிறகு, ஜப்பான் விமானம் எட்டாத இடமாகப் பார்த்துப் பறக்கும் படகு ரிப்பேர் டெப்போவை இங்கே வைத்தார்கள். வட்டமாக இருப்பதால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எழும்பலாம். 1942 முதல் 1947 வரை நானூறுக்கு மேற்பட்ட பறக்கும் படகுகள் இங்கே சரிசெய்யப்பட்டன. ஒரு சண்டைகூட நடக்காத ஊர். ஆனாலும் அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது, திரும்ப ஒட்டிச் சேர்த்த ஒரு கேட்டலினா இருக்கிறது, நிலத்தடித் தகவல் அறை இருக்கிறது. ரிப்பேர் பார்த்தது மட்டுமே அந்த ஊரின் போர்ச் சரித்திரம், அதையே பெருமையாகச் சொல்கிறார்கள்.

நம்ம பக்கம் இதற்கு ஈடாகச் சொல்ல வேண்டுமானால் கொக்கலை. காலிக்குத் தென்கிழக்கே உள்ள களப்பு. 1942 ஏப்ரல் 4-ல் ஜப்பான் கடற்படையை முதலில் கண்ட பர்ச்சாலின் கேட்டலினா இங்கிருந்து கிளம்பியதுதான். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. பர்ச்சால் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், இருக்க வேண்டியதுதான். ஆனால் கொக்கலையின் இன்னொரு சாதனை எனக்கு அதைவிடப் பெரிசாகத் தெரிகிறது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் கம்பெனி பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே கேட்டலினா ஓட்டியது. வானொலியை மூடிக்கொண்டு, எங்கும் இறங்காமல், சில தடவை 30 மணி நேரத்துக்கும் மேல். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்ப்பார்கள். போக்கும் வரவும் தனித்தனியாக எண்ணினால் 271 தடவை கடலைக் கடந்தார்கள், ஒரு படகுகூடக் கடலில் விழவில்லை. பைலட்டின் சாமர்த்தியம் மட்டுமே இதைச் செய்யாது. ஒவ்வொரு தடவையும் இரண்டு கரையிலும் யாரோ சில ஃபிட்டர்கள் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

கொக்கலையில் இன்றைக்கு மரபுச் சின்னமாக மக்கள் போய்ப் பார்ப்பது எது? சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பூர்வீக வீடும் அதை ஒட்டிய நாட்டார் அருங்காட்சியகமும். தளம் போடுவதற்காக ஊரையே காலி செய்தார்கள், வீடுகள் இடிந்தன. அந்த ஒரு வீடு தப்பியது, காரணம் அதிகாரிகள் தங்க எடுத்துக்கொண்டதுதான். அதாவது அந்த வீடும் போர்க்காலத் தளத்தின் எச்சம்தான். ஊரைத் தின்ற தளத்தையும் தின்னாமல் விட்ட வீட்டையும் ஒரே கதையாகச் சொல்ல அங்கே வழி இருக்கிறது. கிராமம் தனி, போர் தனி என்று பிரிப்பதில்தான் எனக்கு வருத்தம்.

திருகோணமலை இன்னும் மோசம். பம்பாயில் கட்டி இழுத்து வந்த பிரம்மாண்டமான மிதக்கும் உலர்துறை ஒன்று அங்கே இருந்தது. 1944 ஆகஸ்ட் 8-ல் வேலியண்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போது முதுகு முறிந்து மூழ்கியது. டாங்குகளில் தண்ணீரை வெளியேற்றிய வரிசை பிசகியதில் நடு ஒரு பக்கம், முனை ஒரு பக்கம் என்று பாரம் இழுத்துவிட்டது. வேலியண்டின் சுக்கானும் விசிறியும் சேதமாகி, அந்தக் கப்பல் திரும்பப் போருக்கே வரவில்லை. எதிரி ஒரு குண்டும் போடாமல் ஒரு போர்க்கப்பல் விலகிய கதை. பொறியியல் படிப்பவர்கள் பாடமாகவே படிக்கலாம்.

அதே துறைமுகத்தில் சகாயிங் என்ற கப்பல். 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் எரிந்தது. அடுத்த வருடம் அதை வேண்டுமென்றே அமிழ்த்தி, மற்றக் கப்பல்கள் வந்து கட்டுவதற்கான இறங்குதுறையாக ஆக்கிக்கொண்டார்கள். அடிபட்ட கப்பலே துறைமுகத்தின் ஒரு உறுப்பாக மாறியது. 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படை அதை மிதக்கவைத்துத் தூக்கி, வேறு இடத்தில் கொண்டுபோய் ஆழத்தில் விட்டது. மூழ்கு வீரர்கள் மாதக்கணக்கில் பார்த்த அந்த வேலை சாதாரணமானதில்லை, அந்தத் திறமைக்கு சல்யூட். கடற்படைக்கு இடம் தேவைப்பட்டது, அதுவும் நியாயம். ஆனால் செய்திகள் எல்லாம் "75 வருடக் கப்பல் மீட்பு" என்றுதான் கொண்டாடின. கப்பலாகப் பார்த்தால் மீட்பு. துறையாகப் பார்த்தால் இடிப்பு. இறங்குதுறை என்ற அதன் இரண்டாவது வாழ்க்கையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"வெள்ளைக்காரன் அவன் சண்டைக்குப் போட்ட தளம், அதை நாம ஏன் கட்டிக்கிட்டு அழணும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்விதான். பாதுகாப்பது என்றால் பாராட்டுவது என்று அர்த்தமில்லை என்பதுதான் என் பதில். ஜெர்மனியில் பிரேமன் பக்கம் வாலண்டின் என்ற நீர்மூழ்கிக் கட்டும் கான்கிரீட் பூதம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கைதிகளையும் அடிமைத் தொழிலாளர்களையும் வைத்துக் கட்டி, வேலை முடியும் முன்னே போர் முடிந்துவிட்டது. 2015-ல் அதை நினைவிடமாகத் திறந்தபோது நீர்மூழ்கியின் பெருமையைப் பேசுவதற்காகத் திறக்கவில்லை. அதைக் கட்டிச் செத்தவர்களுக்காகத் திறந்தார்கள். ஒரு பட்டறையை அப்படியும் வைத்துக்கொள்ள முடியும்.

எதிர்க்கோடி உதாரணம் நமக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. 2009-க்குப் பிறகு முல்லைத்தீவில், புதுக்குடியிருப்புப் பக்கம், கடற்புலிகளின் படகுகளையும் சிறு நீர்மூழ்கிகளையும் இலங்கை ராணுவம் வரிசையாக வைத்துக் காட்சியாக்கியது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்தார்கள். புதுக்குடியிருப்பில் இருந்த பிரபாகரனின் நிலத்தடி வீட்டையும் கொஞ்ச காலம் காட்டிவிட்டு 2013 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் குறிப்பின் வேலை இல்லை. என் கேள்வி சின்னது. ஃபைபர் படகைப் பிடித்த கோப்பை மாதிரி வரிசையில் நிறுத்திவிட்டால், அதைக் கட்டிய இடமும் சரிசெய்த கையும் அந்தக் கரையின் மீன்பிடித் தொழிலும் எங்கே போயின? பொருளை இடத்திலிருந்து பிரித்த நொடியே எழுதி மாட்டுகிற பலகைதான் சரித்திரம் என்று ஆகிவிடுகிறது. பலகையை எழுதுவது எப்போதும் ஜெயித்தவன்.

நம்ம அமெச்சூர் ஆராய்ச்சிக் கூட்டத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமானத்தின் சீரியல் நம்பர் தெரியும், எந்த நாள் எங்கே விழுந்தது என்று தெரியும். சரிவுத்தளத்தின் சாய்வு என்ன, கான்கிரீட்டுக்கு ஜல்லி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சில்லை. லண்டன் க்யூ ஆவணக்காப்பகத்தில் ஏர் 27 வரிசையில் ஸ்குவாட்ரன் தினக்குறிப்புகள் இருக்கின்றன, எல்லாரும் அங்கேதான் போய் விழுகிறோம். தளங்களுக்கு ஏர் 28, பராமரிப்பு அலகுகள் போன்ற இதர பிரிவுகளுக்கு ஏர் 29 என்று தனித்தனி வரிசைகள் உண்டு, அதைப் புரட்டுகிறவர் குறைவு. நான் வேலையில் பார்ப்பதும் பழைய மென்பொருளின் மெயின்டனன்ஸ்தான். புதிதாக எழுதியவன் பெயர் ரிலீஸ் நோட்டில் வரும், பத்து வருடம் அதை ஓடவைத்தவன் பெயர் டிக்கெட் நம்பருக்குள் கிடக்கும். ஆகவே எனக்கு இதில் கொஞ்சம் ஜாதி அபிமானம் உண்டு என்று வைத்துக்கிடுங்க.

செங்குன்றத்தில் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. குடிநீர் ஏரி என்பதால் கரையில் ஏற்கெனவே காவல் இருக்கிறது, கட்டடம் எழும்பும் பயம் மற்ற இடத்தைவிடக் குறைவு. மியூசியம் எல்லாம் பிறகு. 2019 ஜூனில் புழல் ஏரி கிட்டத்தட்ட வறண்டு படுகை வெளியே தெரிந்தது. அப்படி ஒரு கோடைதான் சர்வேக்கு நேரம். அடுத்து தண்ணீர் வடியும்போது நீர்வளத் துறையும் தொல்லியல் துறையும் அனுமதி கொடுத்து, ட்ரோனும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக்கொண்டு பத்து நாள் நடந்தால் போதும். தேட வேண்டியவை மூன்று: போயா கட்டிய கான்கிரீட் கட்டைகள், அவற்றில் பதித்த இரும்பு வளையம், கரையிலிருந்து தண்ணீருக்குள் ஒரே சீராக இறங்கும் கான்கிரீட் சரிவு. கட்டைகள் ஒரு ஒழுங்கில் இடைவெளி விட்டுத்தான் இருக்கும், 104 அடி இறக்கை காற்றில் சுற்றினாலும் பக்கத்துப் படகில் இடிக்காத அளவுக்கு. ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்தது எங்கே என்று கணக்குப் போட்டுவிடலாம். கூடவே ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில், தாத்தா "ஏரோப்ளேன் கேம்ப்"பில் வேலை பார்த்தார் என்று சொல்கிற வீடுகளில் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு 2042 வரை காத்திருக்கத் தேவையில்லை, யாருடைய அரசாணையும் தேவையில்லை.